மூச்சு, சம்பளம், வாடகை: குடியேற ஒரு நகரம் தேடும் வாசகர்களின் கேள்விகள்

கடந்த சில மாதங்களாக எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. வேறு நகரத்துக்குக் குடிபெயர விரும்புவோர், அங்கே காற்று தூய்மையாக இருக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், வாடகையும் கட்டுப்படியாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனவே இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தூய காற்று, நல்ல வேலை, தாங்கக்கூடிய வாடகை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த நகரம் உலகில் எங்காவது உண்டா? அல்லது மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமா?

மூன்றும் ஓரளவு நன்றாக அமைந்த நகரங்கள் உண்டு. அவை ஏன் அரிதாக இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொண்டால், தேடும் வழி தானாகவே தெளிவாகும். ஓர் ஊரில் காற்றும் நன்றாக இருந்து வேலைக்கும் பஞ்சமில்லை என்றால், அங்கே குடியேற விரும்புவோர் பெருகுவார்கள். அவர்கள் வரும் வேகத்துக்கு ஈடாக வீடுகள் கட்டப்படாவிட்டால், அந்த ஊரின் நன்மைகள் எல்லாம் சிறிது சிறிதாக வாடகையில் ஏறிவிடும். ஷெர்வின் ரோசன் 1979-லும் ஜெனிஃபர் ரோபாக் 1982-லும் இதைப் பொருளியல் கோட்பாடாக வகுத்துக் காட்டினார்கள்: ஓர் ஊர் வாழ்வதற்கு எவ்வளவு இனியது என்பது அங்குள்ள சம்பளத்திலும் நிலத்தின் விலையிலும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இனிய ஊரில் வாழ்பவர் அதற்கான விலையைக் கூடுதல் வாடகையாகவோ குறைந்த சம்பளமாகவோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இதிலிருந்து நமக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வாடகை வியக்கத்தக்க அளவு குறைவாக இருக்கும் ஊரைக் கண்டால் மகிழ்வதற்கு முன் காரணத்தை விசாரிக்க வேண்டும். அந்தக் காரணம் பல நேரங்களில் காற்றிலோ வேலைச் சந்தையிலோதான் இருக்கும். அடுத்தது, மற்றவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிற, ஆனால் உங்களுக்குத் தேவையே இல்லாத ஒன்றை விட்டுவிட்டால், அங்கேதான் உங்களுக்கு உண்மையான லாபம் பிறக்கும். குழந்தைகள் இல்லாதவர் புகழ்பெற்ற பள்ளிகள் சூழ்ந்த பகுதியில் வாடகை கொடுப்பதும், வாரம் முழுவதும் அலுவலகத்தில் அடைந்து கிடப்பவர் கடற்கரைக் காட்சிக்குப் பணம் கட்டுவதும் தேவையற்ற செலவுகள். ஆகவே நகரங்களின் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன், உங்களுக்குத் தேவையில்லாதவற்றின் பட்டியலை எழுதுங்கள். இந்த ஒரு வேலையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை.

விதிவிலக்கான நகரங்களைப் பார்த்தால், அங்கே யாரோ திட்டமிட்டு வீடு கட்டியிருப்பார்கள். வியன்னா நகராட்சி 1923-இல் வீட்டு வசதிக்கென்றே ஒரு வரியை விதித்துப் பெரிய அளவில் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. இன்றும் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வாழ்கிறார்கள். டோக்கியோ வேறு வழியில் சென்றது. கட்டுமான அனுமதி அங்கே ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைப்பதால், புதிய வீடுகள் தொடர்ந்து எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அந்நகரமே 2003 அக்டோபரில், அண்டை மாகாணங்கள் மூன்றுடன் சேர்ந்து, புகை வரம்பை மீறும் டீசல் வண்டிகள் ஓடுவதற்குத் தடை விதித்தது. எனவே ஒரு நகரத்தைப் பற்றி விசாரிக்கும்போது இன்றைய வாடகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், அங்கே புதிய வீடுகள் கட்டப்படுகின்றனவா என்பதையும் கேளுங்கள். வேலைகள் பெருகிக்கொண்டிருக்க, கட்டுமானம் மட்டும் நின்றுபோன நகரத்தில் இன்றைய மலிவு நீடிக்காது.

கேள்வி: ஒரே நகரத்தின் காற்றை ஒரு செயலி ‘நன்று’ என்கிறது, இன்னொரு செயலி ‘நடுத்தரம்’ என்கிறது. எதை நம்புவது?

இரண்டுமே பொய் சொல்லவில்லை. காற்றுத் தரக் குறியீடு என்பது நேரடியாக அளக்கப்படும் பொருள் அன்று. அளந்த அளவை ஒவ்வொரு நாடும் தன் சொந்த அட்டவணையில் பொருத்திப் பெறும் எண். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் விட்டம் 2.5 மைக்ரானுக்கு மிகாது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான். அதனால் இவை நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடும். இந்தியக் குறியீட்டில், ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள்கள் 24 மணி நேரச் சராசரியாக 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் அது முதல் வகுப்பு. அமெரிக்காவில் 2024 முதல் முதல் வகுப்பின் எல்லை 9 மைக்ரோகிராம். ஆகவே 25 மைக்ரோகிராம் உள்ள அதே காற்று ஓர் அட்டவணையில் ‘நன்று’ என்றும் மற்றதில் ‘நடுத்தரம்’ என்றும் காட்டப்படுகிறது. இரு நாடுகளின் நகரங்களைக் குறியீட்டு எண்ணை வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள். மைக்ரோகிராம் அளவைத் தேடி எடுத்து, அதையே எல்லா நகரங்களுக்கும் ஒப்பிடுங்கள்.

எந்த அளவுகோலுடன் ஒப்பிடுவது என்ற கேள்வி அடுத்து வரும். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2021-இல் அதைப் பாதியாக, 5 ஆகக் குறைத்தது. சட்டப்படியான வரம்புகள் இதைவிடத் தளர்வானவை. அமெரிக்காவில் 9, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2030 முதல் 10, இந்தியாவில் 40. ‘சட்ட வரம்புக்குள் இருக்கிறது’ என்று ஒரு நகரத்தின் விளம்பரம் சொன்னால், எந்த நாட்டின் வரம்பு என்று பார்க்காமல் அதற்கு மதிப்பளிக்க வேண்டாம். அதே வேளையில் 5 என்ற அளவைப் பிடித்துக்கொண்டு தேடினால் உங்களுக்கு ஊரே அமையாது. உலக மக்களில் 99 விழுக்காட்டினர் அந்த நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளை மீறிய காற்றையே சுவாசிக்கிறார்கள் என்று அதுவே 2022-இல் அறிவித்தது. இப்போது நீங்கள் 45 மைக்ரோகிராம் உள்ள ஊரில் வாழ்பவராக இருந்தால், 15 உள்ள ஊருக்குப் போவதே உங்கள் உடலுக்குப் பெரிய மாற்றம். அந்த முன்னேற்றத்தைக் குறையாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆண்டுச் சராசரியோடும் நின்றுவிடக் கூடாது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலோ கிண்ணம் போன்ற நிலத்திலோ அமைந்த நகரங்களில், குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிட, அதன்மேல் வெப்பமான காற்று படிந்து ஒரு மூடியைப் போல் அடைத்துக்கொள்ளும். புகை மேலே போக வழியிருக்காது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி, சிலியின் சாண்டியாகோ, நேபாளத்தின் காட்மாண்டு ஆகிய நகரங்கள் குளிர்காலத்தில் படும் துன்பத்துக்கு இந்த நில அமைப்பு முக்கியக் காரணம். பென்சில்வேனியாவில் டோனோரா என்னும் ஆலை நகரத்தில் 1948 அக்டோபர் இறுதியில் புகை இப்படியே பள்ளத்தாக்கில் சிக்கி, சில நாட்களில் 20 பேர் உயிரிழந்தார்கள். லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் நீடித்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பின்னரே, 1956-இல், பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. நீங்கள் போக நினைக்கும் நகரத்தின் நிலப்படத்தை எடுத்து, சுற்றிலும் மலைகள் உள்ளனவா, காற்று வீச வழி உண்டா, கடல் எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனியாக நுண்துகள் அளவைக் கேட்டு வாங்குங்கள்; அதில் மிக மோசமான மாதம்தான் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

தூய காற்றுக்குப் பெயர்பெற்ற ஊர்களும் சில நாட்களுக்கு அதை இழக்கக்கூடும். 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்து நியூயார்க் வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. எந்த நகரமும் இதற்கு முழு உத்தரவாதம் தர இயலாது. எனினும் ஆண்டுதோறும் தீப்பிடிக்கும் காடுகளை ஒட்டிய ஊர்களையும், அறுவடைக்குப் பின் வயல்களை எரிக்கும் பகுதிகளின் காற்றுப் பாதையில் உள்ள ஊர்களையும் முன்கூட்டியே அடையாளம் காணலாம்.

கேள்வி: நகரத்தை முடிவு செய்துவிட்டேன். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு வீடு, அதைவிட வாடகை கூடுதலாக உள்ளே ஒரு வீடு. நகரம் ஒன்றுதானே, காற்றும் ஒன்றுதானே?

காற்று ஒன்றன்று. போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை வாகனப் புகையின் தாக்கம் தெளிவாகக் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தத் தொலைவுக்குள்ளும், சாலையை நெருங்க நெருங்க அளவு வேகமாக ஏறும். நகரத்தின் சராசரி என்பது சில அளவீட்டு நிலையங்களின் சராசரி மட்டுமே. நிலையம் ஒரு பூங்காவின் நடுவில் இருந்து உங்கள் படுக்கையறை சாலையைப் பார்த்தபடி இருந்தால், அந்த எண் உங்களைப் பற்றியதே அன்று.

காற்று பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்துத் தொழில் நகரங்களில் மேற்குக் காற்று ஆலைப் புகையைக் கிழக்கே தள்ளியதால், வசதியுள்ளோர் மேற்கிலும் ஏழைகள் கிழக்கிலும் குடியேறினார்கள். அந்தப் பிரிவினையின் தடம் ஆலைகள் மூடப்பட்ட பிறகும் பல நகரங்களில் அழியவில்லை. உங்கள் நகரத்தில் மின்நிலையம், செங்கல் சூளை, குப்பை எரிக்கும் இடம் ஆகியவை எங்கே உள்ளன என்று நிலப்படத்தில் குறித்து, அவற்றின் புகை வராதபடி, காற்று வரும் பக்கமாக வீடு பாருங்கள். கையடக்க அளவி ஒன்றைக் கொண்டுபோய்ச் சோதிக்கலாம். ஆனால் ஈரப்பதம் மிகுந்த நாளில் மலிவான அளவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், இரு வீடுகளையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளந்து, அந்த வேறுபாட்டை மட்டும் நம்புங்கள்.

நகரத்தைவிட்டு வெளியே தள்ளிப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். தரைமட்ட ஓசோன், வாகனப் புகையின் மீது வெயில் பட்டு, காற்றோடு நகர்ந்து செல்லும் வழியில் உருவாகும் வாயு. கோடைப் பிற்பகல்களில் அது நகர நடுவைவிடப் புறநகரில் கூடுதலாக இருப்பதுண்டு.

கேள்வி: ஒரு சிறிய தொழில் நகரத்தில் பெரிய ஆலை ஒன்று எனக்கு வேலை தருகிறது. சம்பளம் இப்போதையதைவிட அதிகம், வாடகை பாதிதான். என் கணவருக்கு அங்கே வேலை இல்லை, தேடிக்கொள்ளலாம் என்கிறார். வீடும் மலிவு என்பதால் வாங்கிவிடலாம் என்றும் நினைக்கிறோம். போகலாமா?

வேலையைப் பற்றி வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது உங்களுடையது. ஆகவே ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். ஒரு நகரத்தில் ‘நல்ல வேலை இருக்கிறது’ என்பதற்குப் பொருள், உங்கள் கையில் உள்ள பணி நியமனக் கடிதம் அன்று. அந்த வேலை போன மறுநாள், வீட்டை மாற்றாமல் விண்ணப்பிக்கக்கூடிய இடங்கள் எத்தனை என்பதே அதன் அளவு. ஒரே திறன் கொண்ட பல தொழிலாளரும் அவர்களைத் தேடும் பல முதலாளிகளும் ஓரிடத்தில் கூடுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே விளக்கினார். பெரிய நகரங்கள் அவ்வளவு வாடகை கேட்டும் மக்கள் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனித் தொழில்கள் இருக்கும் குடும்பத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம். ஒரே ஊர் இரண்டு வெவ்வேறு வேலைச் சந்தைகளைத் தாங்க வேண்டியிருக்கிறது.

டெட்ராய்ட் சிறிய ஊரும் அன்று, ஒற்றை ஆலை நகரமும் அன்று. ஆனால் கார்த் தொழில் ஒன்றையே பெரிதும் சார்ந்திருந்தது. 1950-இல் அங்கே சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. நகராட்சியே 2013-இல் திவால் மனு அளித்தது. பிட்ஸ்பர்க் நகரமும் 1980-களில் எஃகுத் தொழிலின் வீழ்ச்சியால் நொறுங்கியது. ஆனால் அங்கிருந்த பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் வேறு வேலைகளை உருவாக்கியதால் படிப்படியாக நிமிர்ந்தது. சிறிய நகரத்தைத் தேர்வதில் தவறில்லை. அங்கே ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு பெரிய வேலை வாய்ப்புகள் உண்டா என்பதைப் பாருங்கள். பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, அரசுத் தலைமையகம், துறைமுகம் போன்றவை இருந்தால் அந்நகரம் ஓர் ஆலையின் வீழ்ச்சியைத் தாங்கும்.

வீடு வாங்குவது பற்றி: வேண்டாம். ஒற்றைத் தொழில் நகரத்தில் ஆலை மூடப்பட்டால் உங்கள் வேலையும் வீட்டின் மதிப்பும் ஒரே நாளில் சரியும். வேலை தேடி வெளியேற வேண்டிய நேரத்தில் அந்த வீட்டை வாங்க ஆள் இருக்காது. முதல் சில ஆண்டுகளாவது வாடகைக்கே இருங்கள். உங்கள் கணவரின் வேலைத் தேடலைக் குடிபெயர்ந்த பிறகு தொடங்காமல் இப்போதே தொடங்குங்கள். அவருடைய துறையில் அந்த ஊரில் கடந்த ஓராண்டில் எத்தனை பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன என்று பார்த்து, விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தால், உங்கள் புதிய சம்பளம் ஒன்றே இருவருக்குமான வருமானம் என்று கருதிக் கணக்கிடுங்கள். அப்போதும் லாபமாகத் தெரிந்தால் போகலாம். அந்த ஆலையின் புகைபோக்கி உங்கள் வீட்டுக்கு எந்தத் திசையில் வரும் என்பதையும் மறவாமல் பாருங்கள்.

கேள்வி: வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் வாடகை இருந்தால் அந்த ஊர் நமக்குக் கட்டுப்படியாகும் என்கிறார்களே?

அந்த எண் அமெரிக்கப் பொதுக் குடியிருப்புகளுக்கான விதியிலிருந்து பரவியது. 1969-இல் வாடகைக்கு 25 விழுக்காடு என்று உச்ச வரம்பு வைத்தார்கள். 1981-இல் அதை 30 ஆக உயர்த்தினார்கள். எல்லா ஊர்களுக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் அளவாக அது வகுக்கப்படவில்லை. வாடகை குறைந்த புறநகரில் குடியேறி, அதற்காக இரண்டு வண்டிகளை வாங்கி ஓட்டினால், மிச்சப்படுத்திய பணம் எரிபொருளாகவும் பழுதுபார்ப்பாகவும் கரைந்துபோகும். வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சில நகரவியல் ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. எந்த விழுக்காட்டையும்விட, எல்லாம் போகக் கையில் நிற்கும் தொகையை எழுதிப் பார்ப்பது நல்லது. சம்பளத்திலிருந்து வரி, வாடகை, பயணம், மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றைக் கழித்து, ஒவ்வொரு நகரத்துக்கும் மீதியை ஒப்பிடுங்கள். சம்பளம் உயர்ந்த நகரம் இந்தக் கணக்கில் பின்தங்குவதும், விலைவாசி மிகுந்தது என்று நாம் ஒதுக்கிய நகரம் முன்னே வருவதும் உண்டு.

பயண நேரத்தையும் செலவாகவே எண்ணுங்கள். மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே பயணத்துக்குச் செலவிட முனைகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு அரை மணி நேரமும் உறக்கத்திலிருந்தோ குடும்பத்திலிருந்தோ எடுக்கப்படுகிறது. நெரிசலில் நிற்கும் வண்டிக்குள் இருப்பவர் சாலையின் புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார்.

கேள்வி: ‘வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள்’ என்று வெளிவரும் தரவரிசைகளை நம்பலாமா?

பெயர்களைத் திரட்டிக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். அவற்றுள் சில, பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாடு அனுப்பும் அதிகாரிகளுக்காகத் தயாரிக்கப்படுபவை. அவர்களின் வாடகையை நிறுவனமே கொடுத்துவிடும்.

கேள்வி: என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். ஆகவே வேலைச் சந்தையைப் பற்றிக் கவலைப்படாமல், காற்று நல்ல சிறிய ஊருக்குப் போய்விடலாம் அல்லவா?

உங்களைப் போன்றவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு, தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர் மாறினால் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன? அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னால் எவ்வளவு கால அவகாசம் கிடைக்கும்? இணைய இணைப்பு அறுந்தால் அந்த ஊரில் மாற்று வழி இருக்கிறதா? வேலை போனால் மூன்று மணி நேரப் பயணத்துக்குள் ஒரு பெரிய நகரம் இருப்பதும் ஆறுதல் தரும்.

கேள்வி: என் ஏழு வயது மகனுக்கு ஆஸ்துமா. இப்போதைய நகரத்தில் என் வேலை மிக நல்லது, ஆனால் குளிர்காலம் முழுவதும் அவன் மூச்சுத் திணறலால் தவிக்கிறான். பாதிச் சம்பளத்துக்கு வேறு ஊர் போவது சரியா? காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் போதாதா?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நல்ல வடிகட்டி கொண்ட சுத்திகரிப்பான், மூடிய அறையில் நுண்துகள்களைப் பெருமளவு குறைக்கும். ஹெப்பா எனப்படும் தரத்து வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலேயே 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். ஆகவே அவன் உறங்கும் அறையில் ஒன்றை இன்றே வையுங்கள். ஆனால் பள்ளிக்கு நடக்கும் வழியிலும் விளையாட்டு மைதானத்திலும் அது உதவாது. ஏழு வயதுப் பையனை வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் குடிபெயர்வதையே தேர்வேன். பாதிச் சம்பளத்தில் இறங்குவதற்கு முன் இடைப்பட்ட வழிகளையும் பார்த்துவிடுவேன்.

முதலில், இதே நகரத்தில் பெருஞ்சாலையிலிருந்து விலகிய, பள்ளிக்கு அருகிலுள்ள பகுதி. அடுத்து, உங்கள் நிறுவனத்தின் வேறு கிளைகள் உள்ள நகரங்கள். சம்பளம் பத்தோ பதினைந்தோ விழுக்காடு குறைந்தாலும், மீதித் தொகைக் கணக்கில் நீங்கள் பெரிதாக இழக்காமல் இருக்கக்கூடும். இந்த இரண்டும் அமையவில்லை என்றால் மட்டுமே மூன்றாவது வழியான பாதிச் சம்பள ஊர். உங்கள் நகரமே மாறும் என்று காத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாறும் நகரங்கள் உண்டு. பெய்ஜிங்கில் 2013-இல் சுமார் 90 ஆக இருந்த ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு 2021-இல் 33 ஆகக் குறைந்தது. போலந்தின் கிராக்கோவ் 2019 செப்டம்பர் முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதைத் தடை செய்தது. ஆனால் அரசு உறுதியாக இறங்கிய பெய்ஜிங்குக்கே எட்டு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் உங்கள் மகனுக்குப் பதினைந்து வயதாகிவிடும். உங்கள் நகரத்தில் அப்படி ஒரு முயற்சி தொடங்கியதாகவும் நீங்கள் எழுதவில்லை.

எந்த ஊரை முடிவு செய்தாலும், அங்கே காற்று மிக மோசமாக இருக்கும் மாதத்தில் மகனுடன் இரண்டு மூன்று வாரங்கள் தங்கிப் பாருங்கள். மகரந்தம், ஈரச் சுவர்ப் பூஞ்சை போன்றவையும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதால், புகையில்லாத ஊரும் அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இப்போதைய மருத்துவரிடம் அவனுடைய சிகிச்சைக் குறிப்புகளை எழுதி வாங்கிக்கொண்டு, புதிய ஊரில் குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவர் ஒருவரைத் தங்கியிருக்கும் நாட்களிலேயே சந்தித்துவிடுங்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், வேலையை விடுவதும் அதற்குப் பிறகு.